"பார்த்துத் தாருங்கள்": உழைப்பின் விலையை உரைப்பது பற்றி

"எவ்வளவு தம்பி?" என்று ஒரு தாய் கேட்கிறார். வெளிநாட்டுத் தூதரகமொன்றிற் சமர்ப்பிப்பதற்காக மகனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியொன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தருமாறு அவர் கொடுத்து நான்கு நாட்களாகின்றன. வேலை முடிந்துவிட்டது, பிழை எதுவுமில்லை, முத்திரையும் இடப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர் சிறிது நெளிகிறார். பின், "பார்த்துத் தாருங்கோ அம்மா" என்கிறார். அம்மா கைப்பையைத் திறந்து சில தாள்களை மடித்து நீட்டுகிறார். அவர் அவற்றை எண்ணாமலே சட்டைப்பையில் வைக்கிறார். முன்னால் வைத்து எண்ணுவது மரியாதையன்று. அம்மா படலையைத் தாண்டிச் சென்ற பின்னரே எண்ணுகிறார். எதிர்பார்த்ததிற் பாதிதான் இருக்கிறது.

இதன் பின் நிகழ்வதே கவனத்திற்குரியது. ஆறு மாதங் கழித்து அத்தாய் வேறொரு பத்திரத்துடன் வருகிறார். "இப்ப வேலை கூட அம்மா, வேற ஆரிட்டயும் குடுத்துப் பாருங்கோ" என்ற மறுமொழி கிடைக்கிறது. தாம் செய்த குற்றம் யாதென அவருக்குத் தெரியாது. தம்மை அவர் ஏமாற்றிவிட்டார் என்பதே மொழிபெயர்ப்பாளரின் எண்ணம். இருவரும் நல்லவர்கள். எவரும் பொய் கூறவில்லை. எவரும் வாக்குத் தவறவுமில்லை, ஏனெனில் அங்கு வாக்கென ஒன்று கொடுக்கப்படவே இல்லை. ஆயினும் ஓர் உறவு முறிந்துவிட்டது. அதை முறித்தவர் யார்?

கூலியைக் கூறினால் உறவு கெட்டுவிடும் என்ற அச்சத்தினாலேயே அது கூறப்படாமல் விடப்பட்டது. விலையை உரைப்பது உண்மையில் மனித உறவை மாசுபடுத்துகின்றதா, அன்றி உரையாமையே அதனைச் செய்கின்றதா என்பது ஆராயத்தக்க வினாவாகும். மாதச் சம்பளம் பெறுவோர் இவ்வினாவை வாழ்நாளில் ஓரிரு தடவையே சந்திக்கின்றனர். ஒருவருக்குங் கீழ்ப்படாது தனித்துத் தொழில் செய்வோர், அதாவது மொழிபெயர்ப்போர், அச்சுப்படி திருத்துவோர், வீட்டிற்கு வந்து கற்பிக்கும் ஆசிரியர், கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர், அறையொன்றிலிருந்து அயல்நாட்டு நிறுவனங்களுக்குக் கணினி நிரல் எழுதுவோர் ஆகியோர், வாரந்தோறும் அதனைச் சந்திக்கின்றனர். ஒவ்வொரு வேலையின் முடிவிலும் 'பில்' என வழங்கும் அந்த ஒற்றைத் தாளை எழுதும் வேளையில், "நான் இவ்வளவு பெறுமதியுடையவன்" என ஒருவன் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டியுள்ளது. நாணம் பிறப்பது அங்கேதான். தட்சணை, சன்மானம், வெகுமதி, அன்பளிப்பு, கட்டணம் எனத் தமிழில் இத்தனை சொற்கள் பெருகியுள்ளன. கூலி என்ற ஒரு சொல்லைத் தவிர்ப்பதற்கே இவற்றுட் பல பயன்பட்டு வருகின்றனவோ என ஐயுற இடமுண்டு.

'பார்த்துத் தாருங்கள்' என்ற தொடர் பணிவின் மொழியாகவே இன்று கேட்கிறது. அதன் பழைய நிலைமை அத்துணை இனியதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் குடிமைத் தொழில் செய்தோருக்கு அறுவடைக் காலத்தில் நெல்லும், நன்மை தீமைகளின்போது துணியும் காசும் வழங்கப்பட்டன. எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே தீர்மானித்தார். பெறுபவர் அளவைக் கூறுதல் வழக்கமன்று. கூறினால் அது துடுக்காகக் கொள்ளப்பட்டது. அம்முறையை அன்பின் பொருளாதாரம் என இன்று வியந்து பேசுவாருமுளர். அன்பு சிலவிடத்து இருந்திருக்கவுங் கூடும். ஆனால் தன் உழைப்பின் அளவைத் தன் வாயாற் கூறும் உரிமை அங்கு இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் குறித்த சில தொழில்களுக்கேனும் மிகக் குறைந்த சம்பளத்தை விதிக்க வழி செய்தபோது, தனியொருவர் கூறத் தயங்கியதைச் சட்டம் அவர் சார்பிற் கூறியது எனலாம். தனித்துத் தொழில் செய்பவருக்கு அத்தகைய குரல் கிடையாது. மடிந்த தாள்களை எண்ணாமற் பையில் இடும் மொழிபெயர்ப்பாளர், தம்மையறியாமலே, கொடுப்பவர் தீர்மானிக்கும் பழைய ஒழுங்கிற்குத் திரும்பிச் செல்கிறார். வேறுபாடு ஒன்றுண்டு. பழைய குடிமகனுக்கு வேறு வழியிருக்கவில்லை, இவருக்கு இருந்தது.

இவ்வினா கிரேக்க மெய்யியலாருக்கும் புதியதன்று. அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஒன்பதாம் நூலை இத்தகைய பிணக்குகளுடனேயே தொடங்குகிறார். நட்பைப் பற்றிய பகுதியில் அவர் கூலிப் பிணக்கை எடுத்தாண்டமை தற்செயலன்று. யாழிசைத்துப் பாடும் ஒருவனுக்கு, எவ்வளவு சிறப்பாகப் பாடுகிறானோ அவ்வளவு கூடுதலாகத் தருவதாக ஒருவர் வாக்களிக்கிறார். மறுநாள் காலையிற் பாடகன் சென்று கேட்கின்றான். இன்பத்திற்கு இன்பம் ஈடாகிவிட்டது என விடை வருகின்றது. அதாவது, பெரும்பொருள் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த இன்பம் பாடகனுக்குக் கிடைத்துவிட்டதாம். இருவரும் இன்பத்தையே நாடியிருந்தால் இது சரியாகியிருக்கும் என்கிறார் அரிஸ்ரோட்டில். ஒருவர் இன்பத்தை நாட, மற்றவர் பொருளை நாட, முன்னவர் மட்டும் நாடியதைப் பெற்றமையே இங்குள்ள கேடு. பணம் குறைந்தமை மட்டும் பாடகனுக்கு நேர்ந்த இழப்பன்று. இருவரும் ஒரே உடன்பாட்டினுள் நின்றனர் என அவன் நம்பியதும் பொய்த்துப்போயிற்று.

அதே இடத்தில் புரொத்தகோரசின் வழக்கமும் பேசப்படுகிறது. தாம் கற்பித்ததன் பெறுமதியை மாணவனே மதிப்பிடட்டும் என அவர் விட்டுவிடுவார். மாணவன் மதித்த தொகையைப் பெற்றுக்கொள்வார். பிளேட்டோவின் உரையாடலில் இதற்கு ஓர் ஒழுங்கும் கூறப்பட்டுள்ளது. ஆசிரியர் கேட்கும் தொகையைக் கொடுக்க விரும்பாத மாணவன் கோயிலுக்குச் சென்று, அக்கல்வி எவ்வளவு பெறும் என்று தான் கருதுவதைச் சத்தியஞ் செய்து கூறி, அத்தொகையைக் கொடுக்கலாம். மேலோட்டமாக நோக்கின் இதுவும் 'பார்த்துத் தாருங்கள்' என்பதே. எனினும் அந்தச் சத்தியம் இரண்டையும் வேறாக்குகின்றது. அங்கு மதிப்பீட்டுப் பொறுப்பு மாணவனிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டது. தெய்வத்தின் முன் அவன் தன் மனச்சான்றுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. ஆசிரியரும் அவன் கூறியதற்குப் பின் முறையிடும் உரிமையைக் கைவிட்டார். மொழிபெயர்ப்பாளர் செய்தது இதுவன்று. அவர் மனத்தில் ஒரு தொகை இருந்தது. அதனை மறைத்துக்கொண்டு, அம்மா அதனைக் கண்டுபிடிக்க வேண்டுமென எதிர்பார்த்தார். கண்டுபிடிக்கத் தவறியபோது அவரைத் தண்டித்தார். விலையைக் கூறாதவர் பெருந்தன்மையுடையவர் எனத் தோன்றினாலும், சொல்லாத தேர்வொன்றை நடத்தி, அதில் மற்றவர் தோற்றதைச் சொல்லாமலே முடிவும் எழுதிவிடுகிறார்.

அரிஸ்ரோட்டில் அப்பகுதியின் இறுதியிற் கூறும் கருத்தொன்று வணிகருக்கு நன்கு தெரிந்தது. கற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுவது. ஒரு பொருளைப் பெற்றபின் அது எவ்வளவு பெறுமதியாகத் தோன்றுகிறதோ அதனைக் கொண்டு பெற்றவர் மதிப்பிடலாகாது. பெறுமுன் எவ்வளவாக மதித்தாரோ அதனைக் கொண்டே மதிப்பிட வேண்டும். தேவை தீருமுன் மொழிபெயர்ப்பு மலையளவு. தீர்ந்தபின் இரண்டு தாள். இது மனிதரின் கயமையன்று, இயல்பு. ஆதலின் விலையைப் பேசும் காலம் வேலையின் முன்னரா பின்னரா என்பது வெறும் நடைமுறைப் பிரச்சினையாகாது.

விலையைப் பின்னர் கூறுவதால் என்ன நிகழும் என்பதற்கு ஓவிய வரலாற்றிற் புகழ்பெற்ற ஓர் உதாரணமுண்டு. ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர் அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஓவியர். லிவர்பூல் கப்பல் முதலாளி பிரெடரிக் லேலண்ட் அவரை நீண்டகாலம் ஆதரித்தவர். விஸ்லர் அவருடைய குடும்பத்திற்கும் நெருங்கிய நண்பர். லேலண்ட் தமது இலண்டன் வீட்டில், நீலமும் வெண்மையுமான சீனப் பீங்கான்களை வைப்பதற்கென ஓர் உணவறையைத் தோமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அமைப்பித்தார். அவ்வறையில் விஸ்லரின் ஓவியமொன்றும் தொங்கியது. நிறங்கள் பற்றி விஸ்லரின் ஆலோசனை கேட்கப்பட்டது. சிறு மாற்றங்களுக்கு லேலண்ட் இசைந்தார். பின் ஜெக்கில் நோயுற்று விலகினார், லேலண்ட் லிவர்பூலிலிருந்தார். 1876ஆம் ஆண்டின் கோடையில், தனியே விடப்பட்ட விஸ்லர், விலையுயர்ந்த பழைய தோல் பதித்த சுவர்களையும் மேல்விதானத்தையும் யன்னற் கதவுகளையும் நீலத்தாலும் பொன்னிறத்தாலும் நிரப்பி, மயில்களை வரைந்தார். வேலை நடக்கும்போதே, வீட்டுக்காரர் இல்லாத அவ்வீட்டிற்குப் பத்திரிகையாளரையும் பிரமுகர்களையும் அழைத்துக் காட்டினார். இத்தனைக்கும் விலை பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

முடிவில் விஸ்லர் 2,000 கினி கேட்டார். தாம் கட்டளையிடாத வேலைக்கு, தம்மிடம் முன்னறிவியாத தொகையைக் கேட்பது முறையன்று என லேலண்ட் மறுத்தார். பேச்சு நீண்டு, பாதியளவில் நின்றது. காசோலை வந்தபோது அதில் 1,000 பவுண் என எழுதப்பட்டிருந்தது. கினிக்கும் பவுணுக்கும் வேறுபாடு ஒரு சிலிங்தான். கினி 21 சிலிங், பவுண் 20. ஆயினும் அக்கால இங்கிலாந்தில் ஓவியருக்கும் வைத்தியருக்கும் கினியிலும் கடைக்காரருக்கும் தொழிலாளருக்கும் பவுணிலும் கொடுப்பது மரபு. 1,000 சிலிங், அதாவது 50 பவுண், குறைந்தமை விஸ்லரை அவ்வளவு தாக்கவில்லை. நண்பரென்ற இடத்திலிருந்து சுவருக்குச் சாயம் பூசுபவரென்ற இடத்திற்குத் தாம் இறக்கப்பட்டதே தாக்கியது. அவர் அறைக்குத் திரும்பி, வெறுமையாயிருந்த சுவரில் இரண்டு மயில்கள் சண்டையிடுவதை வரைந்தார். ஒரு மயிலின் காலடியில் வெள்ளிச் சிலிங்குகள் சிதறிக் கிடக்கின்றன. 'கலையும் பணமும்' என அதற்குப் பெயருமிட்டார். அதன்பின் நட்பு இல்லை. 1879இல் விஸ்லர் கடனிறுக்க வகையற்றவராக அறிவிக்கப்பட்டபோது, கடன்கொடுத்தோர் வரிசையில் முதன்மையாக நின்றவர்களுள் லேலண்டும் ஒருவர்.

கலையை மதிக்காத பணக்காரனின் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. கேளாத ஒன்றை ஒருவருக்குச் செய்து கொடுத்துவிட்டு, செய்தபின் அதற்கு விலை கேட்பது பரிசையும் வணிகத்தையும் ஒருங்கே கைப்பற்ற முயல்வதாகும். பரிசாயின் விலை கேட்டலாகாது. வணிகமாயின் மறுக்கும் உரிமை மற்றவருக்கு இருந்திருக்க வேண்டும். வேலை முடிந்த சுவரை எவர் திருப்பிக் கொடுக்க முடியும்? விலையை முன்னரே கூறுவது கூறுபவரைக் காப்பதினும் கேட்பவருடைய சுதந்திரத்தைக் காப்பதே ஆகும். "வேண்டாம்" எனச் சொல்லக்கூடிய காலத்திலே தொகை கூறப்பட்டால்தான் "ஆம்" என்ற சொல்லுக்குப் பொருளுண்டு. எனினும், லேலண்ட் அந்த ஒரு சிலிங்கைக் குறைத்தபோது அவர் செய்ததும் நீதியன்று. பிணக்கைத் தொகையிற் தீர்க்காமல் மனிதனின் தரத்திற் தீர்த்தார்.

இதே விஸ்லர் 1878இல், விமரிசகர் ரஸ்கின் மீது தொடுத்த மானநட்ட வழக்கில் நின்றார். இரண்டு நாள் உழைப்பிற்கா 200 கினி கேட்டீர் என வினாவப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் பெற்ற அறிவிற்காகவே கேட்டதாக விடையளித்தார். சிறந்த விடை, வழக்கும் வென்றது, நட்டஈடாக ஒரு பென்னியின் காற்பங்கே கிடைத்தது. ஆயினும் இவ்விடையை மயிலறைக்குப் பொருத்துதல் கூடாது. இங்கு விலை முன்னரே ஓவியத்தில் ஒட்டப்பட்டிருந்தது; விரும்பாதவர் வாங்காது செல்லலாம். இரண்டு தாள் மொழிபெயர்ப்பின் பின்னாலும் இருபதாண்டுப் படிப்பு நிற்கின்றது. அதனை வாடிக்கையாளர் தாமே ஊகித்துணர வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. விலையாகச் சொன்னாலன்றி அது எவருக்குந் தெரியாது.

விலை கூறும் இழிவைத் தவிர்க்க உயர்தொழில் செய்வோர் கண்ட வழி சுவையானது. உரோமில் கி.மு. 204இன் சிஞ்சியச் சட்டம் வழக்குரைப்போர் பொருள் பெறுவதைத் தடுத்தது; கி.பி. 47இல் குளோடியஸ் பேரரசன் 10,000 செஸ்ரெர்ஸ் என்ற எல்லை வகுத்து அதனை அனுமதிக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற வழக்குரைஞரின் ஊதியம் கூலியன்று, மரியாதைக் காணிக்கை எனக் கருதப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதற்காக அவர் வழக்குத் தொடர இயலாது. இலங்கையிலும் 1974 வரை நிலவிய அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற வேறுபாட்டின் பின்னால் அம்மரபின் நிழல் உண்டு. ஆனால் இலண்டன் வழக்குரைஞர் எவரும் இதனாற் பட்டினி கிடக்கவில்லை. அவருக்கு ஓர் எழுதுவினைஞர் இருந்தார். தொகையைப் பேசுவதும் பேரம் செய்வதும் தாமதத்தை நினைவூட்டுவதும் அவர் வேலை. ஐயா காசு பற்றிப் பேசுவதில்லை என்ற பெருமை, பேசுவதற்கு வேறொருவரை வைத்திருந்தமையாலேயே கிடைத்தது. தனித்துத் தொழில் செய்பவர் ஐயாவும் எழுதுவினைஞரும் தாமாகவே இருக்க வேண்டியவர். ஐயாவின் நாணத்தை அவர் இரவலாகப் பெற்றுக்கொள்கிறார். எழுதுவினைஞரை மட்டும் பெறவில்லை.

தமிழ் மரபிற்கு இத்தகைய நாணம் உரியது என்ற எண்ணமும் பரவலாயுண்டு. சங்கப் புலவர் கேட்பதற்கு நாணியவரல்லர். பரிசில் நீட்டித்தபோது அதனை வற்புறுத்திக் கேட்பது பரிசில் கடாநிலை என ஒரு துறையாகவே வகுக்கப்பட்டது. தாமதமான கொடுப்பனவை நினைவூட்டுவதற்கு இலக்கணத்தில் இடமளித்த மொழி வேறெது என அறிஞர் ஆராயலாம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தர நீட்டித்தபோது, ஔவையார் வாயில்காவலனை விளித்து, உன் தலைவன் தன்னையும் அறியானோ என்னையும் அறியானோ என்ற பொருளிற் பாடியது புறநானூற்றின் 206ஆம் செய்யுள். கலைத்திறமுடையோர்க்கு எத்திசைச் சென்றாலும் சோறுண்டு என அதில் அவர் கூறுகிறார். அதே மன்னனைப் பற்றி அதே ஔவையார் பாடிய 101ஆம் செய்யுளில், பரிசில் இன்று வரினும் பின்னர் வரினும் அது யானை தன் கொம்பிடையே வைத்த கவளம் போலத் தப்பாது என்ற நம்பிக்கை காணப்படுகின்றது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கடிந்து கேட்டமை அவர்களின் நட்பை முடிக்கவில்லை. அந்நட்பு கடிந்து கேட்கும் உரிமையையும் உள்ளடக்கியிருந்தது. பெருஞ்சித்திரனார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தம்மை நேரிற் காணாமல் அதியமான் அனுப்பிய பொருளை அவர் ஏற்க மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்பதும், கண்டு மதித்துத் தருவது சிறிதாயினும் இனிது என்பதும் அவர் கருத்து. புலவர் வேண்டியது பொருளும் மதிப்பும் என்ற இரண்டுமே. 'பார்த்து'த் தருதல் என்பதன் முதற்பொருள், புலவனின் திறத்தைப் பார்த்தல்போலும். இன்று அது கைப்பையைப் பார்த்தலாகிவிட்டது.

இக்காலத்தில் தாமதம் வேறு உருக் கொண்டுள்ளது. அதியமானின் வாயில்காவலன் இருந்த இடத்தில் இன்று கணக்குப் பிரிவு இருக்கின்றது. "அனுப்பியாயிற்று", "கையொப்பத்திற்கு இருக்கிறது", "அடுத்த மாதம் பார்ப்போம்" என விடை வருகிறது. எவர்மீதும் கோபங்கொள்ள முடியாதபடி அப்பொறி அமைந்துள்ளது. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வணிகக் கடனைத் தாமதித்துச் செலுத்துவோரிடம் வட்டி கோரும் உரிமையை வழங்கியது. நியூயோர்க் நகரில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரே 'தனித்தொழில் இலவசமன்று' எனப் பொருள்படும். 800 டொலருக்குக் குறையாத வேலைக்கு எழுத்திலான ஒப்பந்தம் வேண்டுமென்றும், நாள் குறிக்கப்படாவிடின் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டுமென்றும் அது விதித்தது. எழுதுவினைஞர் இல்லாதவருக்குச் சட்டமே எழுதுவினைஞராயிற்று. ஆனால் சட்டம் எழுதச் சொன்னாலும் கை நடுங்காமல் எழுத வேண்டியவர் உழைத்தவரே.

இனி ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றிற்கும் முன்கூட்டியே தொகை குறித்தால், உறவென்பது கடை முகப்பாகிவிடாதா? மாணவனுக்குக் குறித்த மணிக்கு மேலும் அரைமணி கற்பித்த ஆசிரியர் அவ்வரைமணியையும் பட்டியலில் எழுத வேண்டுமா? இம்மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதன்று. மெய்யியல் கற்பித்தவருக்குப் பணத்தால் ஈடுசெய்ய இயலாது, தெய்வத்திற்கும் பெற்றோருக்கும் போல இயன்றதைச் செய்தலே அமையும் என அரிஸ்ரோட்டிலும் ஒப்புகின்றார். ஆனால் எண்ணக்கூடியதை எண்ணி முடித்த பின்னரே எண்ண முடியாதது தனியே தெரியும். மாத முடிவிற் குறித்த தொகை குறித்தபடி கைமாறினால், அந்த மேலதிக அரைமணி அன்பாகவே நிற்கும். தொகை பேசப்படாதவிடத்து அவ்வரைமணியும் ஆசிரியரின் மனத்திற் கடனாக ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் அது கோபமாக இறங்கும். அத்தாயிடம் போதிய பணமில்லை என வைத்துக்கொள்வோம். "தாளுக்கு இவ்வளவு அம்மா, உங்களுக்குப் பாதி போதும்" என முதல்நாளிலேயே கூறியிருந்தால், அந்தப் பாதி அவர் பெற்ற உதவியாகியிருக்கும். அவர் நன்றி கூறியிருப்பார். அல்லது, தன்மானமுடையவராயின், முழுவதையும் கொடுத்தே தீருவேன் என நின்றிருப்பார். மௌனத்தினால் அவர் அதே பாதியைக் கொடுத்து, ஏமாற்றியவர் என்ற பெயரையும் பெற்றார். உதவி செய்த மனநிறைவு மொழிபெயர்ப்பாளருக்கும் கிடைக்கவில்லை.

லேலண்ட் அவ்வறையை அழிக்கவில்லை. சுவரை மீண்டும் பூசி அந்த ஏளனச் சித்திரத்தை மறைப்பதற்கு ஒருநாள் போதும்; செலவும் பெரிதன்று. ஆயினும் 1892இல் இறக்கும்வரை அதனை இருந்தபடியே வைத்திருந்தார். அவ்வறை பின்னர் கழற்றப்பட்டுக் கடல்கடந்து, இன்று வாஷிங்டனில் ஓர் அருங்கலைக்கூடத்திற் பொருத்தப்பட்டுள்ளது. கொடுக்க மறுத்த 1,000 கினிக்கும் குறைத்துக் கொடுத்த சிலிங்குகளுக்கும் எதிரே, அந்த இரண்டு மயில்களையும் பார்த்தபடி, பதினைந்து ஆண்டுகள் அது அவர் வீட்டு உணவறையாகவே இருந்தது.